"தமிழ் நாடகம் எங்கை போடுறாங்கள்?": கொழும்பு மேடையின் இரவல் வரலாறு

கொழும்புக்கு மூன்று நாள் அலுவலாக வருகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். பாஸ்போர்ட் அலுவலகம், தூதரகம், ஆஸ்பத்திரி. பின்னேரம் காலிமுகத்திடல். வெள்ளவத்தையில் சாறிக்கடை. கடைசி நாள் இரவு காலி வீதியோரம் பையோடு நின்று யாழ்ப்பாண பஸ். இதற்குள் யாராவது ஒருவர், "வந்தனாங்கள், ஒரு நல்ல தமிழ் நாடகமும் பாத்திட்டுப் போவம், எங்கை போடுறாங்கள்?" என்று கேட்டுவிட்டால், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவரும் கொஞ்ச நேரம் யோசிப்பார்.

சிங்கள நாடகம் எண்டால் யோசிக்கத் தேவையில்லை. மருதானையில் டவர் ஹோல், எல்பின்ஸ்டன், பொரளையில் புஞ்சி தியேட்டர் என்று கையை நீட்டிக் காட்டலாம். ஆங்கிலம் எண்டால் கொழும்பு 7இல் லயனல் வென்ட். தமிழுக்கு? "ஆரும் போட்டால் வட்ஸ்அப்பில வரும்" என்பதுதான் நேர்மையான பதில்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படுகிற காரணம், தமிழ்ச் சனம் நாடகம் பார்க்காது, சினிமாவும் சீரியலும்தான் பார்க்கும் என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய நிற்கிற சனம் இது. ஒரு பிள்ளையின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிற சனம். கொழும்பில் தமிழ் நாடகத்துக்குக் கூட்டம் கூடிய காலங்கள் ஒன்றல்ல, பல. இந்த நூற்றுச் சொச்சம் வருடத்தில் அமையாமல் போனது வேறொன்று. வாரம் தவறாமல் விளக்கெரிகிற, தமிழ் நாடகத்துக்கென்றே ஒரு சொந்த அரங்கு. எங்கள் நாடகம் எப்போதும் ஆரோ ஒருவரின் மண்டபத்தில், ஆரோ ஒருவர் தந்த நேரத்தில் நடந்திருக்கிறது.

கதையை மருதானையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் சிங்கள நாடகமும் தமிழ் நாடகமும் ஒரே கப்பலில் வந்திறங்கிய இடம் மாதிரி அது. எல்பின்ஸ்டன் என்பது பழைய பம்பாய் ஆளுநர் ஒருவரின் பெயர். ஆனால் அந்தப் பெயரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது அரசாங்கம் அல்ல, நாடகக்காரர். 1882இல் பம்பாயிலிருந்து பாலிவாலா என்பவரின் தலைமையில் எல்பின்ஸ்டன் நாடகக் கம்பனி கொழும்புக்கு வந்தது. பார்சிக்காரர்களின் கம்பனி. 'இந்திரசபா' போன்ற ஹிந்துஸ்தானி நாடகங்களை ஆடியது. பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் எழுதின திரை, சுருட்டி ஏற்றுகிற காட்சிச் சீலை, மினுங்குகிற உடுப்பு, ஹார்மோனியத்தோடு வருகிற மெட்டு, இதுகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சி. டொன் பஸ்தியன், ஜோன் த சில்வா போன்றவர்கள் வளர்த்தெடுத்த சிங்கள 'நூர்த்தி' நாடகம் இந்தச் சூட்டில் பழுத்ததுதான். அதே பார்சிக் கம்பனிகள் தமிழ்நாட்டுக்கும் போயின. அங்கே சங்கரதாஸ் சுவாமிகள் தலைமுறையின் இசை நாடகத்திலும் பம்மல் சம்பந்த முதலியாரின் மேடையிலும் அவற்றின் சாயல் ஏறியது. ஆக, நூர்த்தியும் எங்கள் அப்பப்பா காலத்து 'டிறாமா'வும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

1911 டிசம்பரில் டவர் ஹோல் திறக்கப்பட்டது. முதல் நாடகம் 'பண்டுகாபய'. சிங்கள மேடைக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. அதே 1911இல் சென்னையிலிருந்து சுகுண விலாச சபையும் கொழும்புக்கு வந்தது. இந்தச் சபை கூலிக்கு நடிக்கிற கம்பனி அல்ல. வக்கீல்கள், உத்தியோகத்தர்கள், படித்த மனிதர்கள் விருப்பத்துக்கு நடித்த சபை. அதை நடத்திய பம்மல் சம்பந்த முதலியாரே ஒரு வக்கீல்தான். 'நாடக மேடை நினைவுகள்' என்ற தன் நூலில் இலங்கைப் பயணங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மரியாதையான குடும்பத்து ஆக்கள் வேஷம் கட்டலாம் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த படித்த தமிழருக்குத் துணிவு வந்தது இதற்குப் பிறகு. கலையரசு சொர்ணலிங்கம் பம்மலைத் தன் குருவாகவே வைத்திருந்தார். கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை, யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபை என்று அடுத்தடுத்துச் சபைகள் முளைத்தன. 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்று அவர் பிற்காலத்தில் எழுதிய நூல் இந்த விஷயத்தில் கையில் எடுக்கவேண்டிய முதல் புத்தகங்களில் ஒன்று.

ஆனால் கவனியுங்கோ: சபை என்பது ஆட்கள். கட்டடம் அல்ல. சபை வைத்தவர்கள் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள், ஆடினார்கள், திருப்பிக் கொடுத்தார்கள்.

1914இல் இன்னொரு விஷயம் நடந்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கித் திரும்ப ரயில் பிடித்தால் கொழும்பு கோட்டை. 'போட் மெயில்' என்று சொல்லுற பாதை இது. தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்கு வருகிற கப்பல் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து, தமிழ்நாட்டு நாடகக்காரருக்குக் கொழும்பு வெளிநாடு என்ற எண்ணமே வராத தூரத்துக்கு வந்துவிட்டது. மதுரை, திருச்சி மாதிரி அதுவும் சுற்றுப்பயணத்தில் ஒரு ஊர். பார்க்கிற சனம் வட கொழும்பில் நிறைந்திருந்தது. துறைமுகத் தொழிலாளர், செட்டியார் தெருக் கடைக்காரர், புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், அவர்களின் கணக்கப்பிள்ளைமார். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கமெல்லாம் தமிழ் காதில் விழாமல் ஒரு ஒழுங்கையைக் கடக்க முடியாது.

1926இல் கொழும்பு மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தரம்பாளும் சேர்ந்து நடித்தார்கள். செங்கோட்டைக்காரருக்கு அப்போது இருபது வயது. கொடுமுடிக்காரிக்குப் பதினெட்டு அளவில். தமிழ் இசை நாடகத்தின் மிகப் பெரிய சோடி அது. அடுத்த வருடம் கலியாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார், இருபத்தேழே வயது. சுந்தரம்பாள் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சேலைதான். இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதன் முதல் அத்தியாயம் எங்கள் ஊரில் நடந்தது என்பது கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நகரத்தின் எந்தச் சுவரிலும் அதற்கு ஒரு கல் பதித்து நான் பார்த்ததில்லை. மேடை சொந்தமாக இருந்திருந்தால் கல்லுப் பதிக்கச் சுவராவது மிஞ்சியிருக்கும்.

பிறகு 1931இல் 'காளிதாஸ்' வந்தது. தமிழ் பேசும்படம். நாடகத்துக்கு வந்த சனம் அதே பாட்டுக்காகப் படத்துக்குப் போனது. கொட்டகைகள் தியேட்டர்கள் ஆயின. இது தமிழுக்கு மட்டும் நடந்ததல்ல, டவர் ஹோலும் எல்பின்ஸ்டனும்கூடப் படம் ஓட்டிய காலம் உண்டு. வித்தியாசம் பிறகு வந்தது. 1978இல் அரசாங்கம் டவர் ஹோல் அரங்க மன்றத்தைச் சட்டத்தால் அமைத்து, பழைய நூர்த்தி வீடுகளை நாடகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. நல்ல வேலை. பாராட்டத்தான் வேண்டும். அதற்கு ஈடாகத் தமிழ் மேடைக்கு இந்த நகரத்தில் எதுவும் மீட்டுக் கொடுக்கப்படவில்லை. மீட்கிறதற்குக் கையில் ஒரு கட்டடம் இருந்திருக்கவும் வேணுமே. 1948இன் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களோடு தமிழ்நாட்டுக் கம்பனிகள் நினைத்த நேரம் வந்து போகிற காலமும் முடிந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது.

இதற்கிடையில் கொழும்புத் தமிழ் நாடகம் வேறொரு வீட்டில் வாடகைக்கு இருந்தது: பல்கலைக்கழகம். 1930களில் கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவர்களுக்காக நாடகம் எழுதினார். ராஜா இல்லை, பாட்டு இல்லை, யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் கதைக்கிற தமிழ். அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மேடையில் ஏறினால் செந்தமிழ்தான் என்று இருந்தபோது, உடையாரையும் அவருடைய மிடுக்கையும் உடையாரின் பேச்சிலேயே காட்டினார். 1940இல் நான்கு நாடகங்களை 'நானாடகம்' என்று தொகுத்தார். அதில் ஒன்றின் பெயர் 'நாட்டவன் நகர வாழ்க்கை'. ஊரிலிருந்து பட்டினத்துக்கு வருகிறவனின் பாட்டைத் தலைப்பிலேயே வைத்த நாடகம், எண்பது வருடத்துக்கு முந்தி. இன்றைக்கு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்குகிற எவரும் அதைத் தங்கட கதையாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி வருகிறதுதான் இந்த வரலாற்றில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' வந்தது. சிங்கள நாடகத்தின் திருப்புமுனை என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கும். சரச்சந்திர அதற்கு எடுத்துக்கொண்ட வடிவம் 'நாடகம' என்கிற பழைய சிங்களக் கூத்து. பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கோ. நாடகம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போன வடிவம் அது. கதை, பாட்டு, மத்தளம், கட்டியகாரன் எல்லாத்திலும் அந்தச் சொந்தம் தெரியும். இதைத் தேடி எழுதியவர்களில் முதன்மையானவரே சரச்சந்திரதான், அவர் ஒளிக்கவில்லை. பேராதனையில் அவரோடு கூட வேலை செய்த தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'மனமே'யைப் பார்த்தார். சிங்களவர் எங்களிட்டையிருந்து போனதை வைத்து இவ்வளவு செய்கிறார்கள், மூலம் எங்கட மட்டக்களப்பில் இன்னும் உயிரோடு இருக்கே என்கிற ஆதங்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்தார். இரவு முழுக்க ஆடுகிற கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கினார். வட்டக்களரியில் நாலு பக்கமும் பார்த்து ஆடுவதைப் படச்சட்ட மேடைக்கு முகம் திருப்பினார். 'கர்ணன் போர்' 1962இல், 'நொண்டி நாடகம்' 1963இல், அதற்குப் பிறகு சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்'.

தமிழ்க் கூத்து சிங்கள நாடகமவாகி, நாடகம 'மனமே'யாகி, 'மனமே' 'இராவணேசன்' ஆகித் திரும்ப வீட்டுக்கு வந்தது. இந்தச் சுற்றுத் தெரிந்த பிறகு, தமிழ் நாடகம் இல்லாத வாரத்தில் டவர் ஹோலில் ஒரு சிங்கள நாடகத்துக்கு ரிக்கற் எடுப்பது எனக்கு மாற்று ஏற்பாடாகத் தெரிவதில்லை. மொழி அரைகுறையாக விளங்கினாலும் மத்தளம் விளங்கும்.

1960களின் பிற்பகுதியும் 70களும் கொழும்புத் தமிழ் மேடையின் நல்ல காலம். ஹவ்லொக் டவுனில் லும்பினி அரங்கு இருந்தது, வெள்ளவத்தையிலிருந்து கிட்ட. சிங்கள நவீன நாடகக்காரர் ஆடிய அதே மேடையில் தமிழரும் ஆடினார்கள், ஒருவர் நாடகத்தை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். கூத்தாடிகள், நடிகர் ஒன்றியம், அம்பலத்தாடிகள் என்று குழுக்கள். நா. சுந்தரலிங்கத்தின் 'அபசுரம்', 'விழிப்பு'. அ. தாசீசியஸ் நெறிப்படுத்திய மஹாகவியின் 'கோடை', 'புதியதொரு வீடு'. லடீஸ் வீரமணி வேறு ரகம். சபை நாடகத்திலும் வில்லுப்பாட்டிலும் ஊறிய கொழும்பு மேடைக்காரர். அ. ந. கந்தசாமியின் 'மதமாற்றம்' அவர் நெறியாள்கையில் வந்தது. மஹாகவியின் 'கண்மணியாள் காதை'யை வில்லில் பாடியவரும் அவர்தான். சாதி கடந்த காதலும் அதற்குக் கிடைத்த தண்டனையும் பற்றிய கதை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடக்க, அந்த நெருப்பில் என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் கூத்து வடிவத்தில் எடுத்தார்கள்.

இந்த நாடகங்களைக் கொழும்பில் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கொழும்பார் இல்லை. கந்தோரில் வேலை, பாடசாலையில் ஆசிரியர், கம்பஸ் மாணவர். காலமை வேலை, பின்னேரம் ஆரோ வீட்டு விறாந்தையில் ஒத்திகை, சனி ஞாயிறு மேடை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இந்த நாடகக்காரருக்கும் ஒரு பாலம். லீவுக்கு ஊருக்குப் போனால் நாடகமும் கூடப் போகும். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா நடந்தபோது, குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் வந்து படித்து, ஊருக்குத் திரும்பி, 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்து நவீன நாடகத்தின் ஒரு வேர் கொழும்பு வகுப்பறையில் இருக்கிறது.

அதே 1978இல் க. பாலேந்திரா தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தைத் தொடங்கினார். டென்னஸி வில்லியம்ஸின் கண்ணாடிப் பொம்மைகளின் கதை 'கண்ணாடி வார்ப்புகள்' ஆனது. லோர்காவின் பெர்னார்தா அல்பா 'ஒரு பாலை வீடு' ஆனாள். பிரெக்ட் 'யுகதர்மம்' ஆனார். ஐந்து பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற ஸ்பானிய அம்மாவை யாழ்ப்பாணத்தார் அடையாளம் காண எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?

அந்தப் பக்கம் சிரிப்பு நாடகமும் இருந்தது, அதை விட்டுவிட்டுப் போனால் வரலாறு பொய்யாகிவிடும். இலங்கை வானொலியில் 'சானா' வளர்த்த நாடகத் துறை, ராமதாஸ் குழுவின் 'கோமாளிகள்', கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'. ஒரு பஸ் கொண்டக்ரரைத் தனி ஆளாக மேடையில் நிறுத்திச் சனத்தைச் சிரிக்க வைத்தவர் பாலச்சந்திரன். சீரியசான நாடகக்காரர் இவர்களைக் கொஞ்சம் கீழே பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். தேவையில்லாத மிடுக்கு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நாடகம் பார்க்கப் போவது என்ற பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது வானொலியும் இந்தச் சிரிப்பும்தான்.

1983 ஜூலை. வெள்ளவத்தை எரிந்தது. அதன் முழுக் கதையை இங்கே சொல்ல முடியாது. நாடகத்துக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால்: நாடகத்துக்கு வேண்டிய நாலு சாமானும் ஒரே நேரத்தில் போயின. நடிகர்கள், பார்வையாளர்கள், பின்னேரம், போக்குவரத்து. பாலேந்திரா லண்டனில், தாசீசியஸ் லண்டனில். அவைக்காற்று கலைக் கழகம் இன்றுவரை இயங்குவது லண்டனில். கொழும்பில் மிஞ்சியவர்களுக்கு இருட்டின பிறகு வெளியே போவது ஒரு முடிவு எடுக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. ஊரடங்கு இல்லாத நாளிலும் சோதனைச் சாவடி இருந்தது. 6.30க்குத் தொடங்குகிற நாடகம் 9 மணிக்கு முடிந்தால், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியில் எத்தனை இடத்தில் அடையாள அட்டையை நீட்ட வேணும் என்று கணக்குப் பார்த்துத்தான் அம்மாமார் "நாடகம் வேண்டாம், வீட்டிலை இரு" என்றார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இன்னும் மோசம். கொழும்புக்கு ஏன் வந்தாய், எத்தனை நாள், ஆற்றை வீடு? பொலிஸ் பதிவில் இந்தக் கேள்விகளுக்கு ஏற்கக்கூடிய பதில்கள் சிலவே இருந்தன: வைத்தியம், வெளிநாட்டுப் பயணம், வேலை. "நாடகம் பாக்க வந்தனான்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது சிரித்திருக்க மாட்டார்கள். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை விதித்தது. கொழும்பில் 'சும்மா' இருப்பதற்கு, அதாவது ஒரு பின்னேரத்தைக் காரணமில்லாமல் கழிப்பதற்கு, ஒரு தலைமுறைத் தமிழருக்கு உரிமை இருக்கவில்லை என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட முடியாது. நாடகம் பார்க்கிறது என்பது அடிப்படையில் சும்மா இருக்கிற வேலை.

சேர்ந்து செய்யப் பார்த்தபோதும் லேசாக விடவில்லை. 2003 அக்டோபரில், யுத்த நிறுத்த காலத்தில், கொழும்பு புதிய நகர மண்டபத்தில் நடந்த சிங்கள–தமிழ்க் கலை விழாவுக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்தது. விழா நடந்து முடிந்தது, அதுவும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, இப்ப. கொழும்புக்கு வருகிறீர்கள், தமிழ் நாடகம் பார்க்க வேணும். நடக்கிற இடங்கள் எவை? வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபம். அதே வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் மண்டபம். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம். வடக்கே 1902இல் தொடங்கிய விவேகானந்த சபையின் மண்டபம், விவேகானந்தர் 1897இல் கொழும்பில் வந்திறங்கிய ஞாபகத்தோடு. பாடசாலை மண்டபங்கள். பட்டியலைத் திரும்பப் பாருங்கோ: சங்கம், மடம், கோயில், சபை, பள்ளிக்கூடம். எல்லாம் எங்களைக் காப்பாற்றிய இடங்கள், குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஒன்றுகூட நாடகத்துக்கென்று கட்டினதில்லை. மேடை உயரம், பக்கத்தில் ஒதுங்க இடமில்லை, ரியூப் லைற்றை மங்கலாக்க முடியாது, போடலாம் அல்லது நிப்பாட்டலாம். கலியாண மண்டபம் எண்டால் எதிரொலி வேறு. நாடகக்காரர் மெதுவாகக் கதைக்கிற காட்சியை எழுதப் பயப்படுகிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டடம் எழுத்தையும் மாற்றும்.

பிறகு முன்னுரிமை. முகூர்த்த நாளில் மண்டபம் கலியாணத்துக்கு. பள்ளிக்கூட விடுமுறையில் வெளிநாட்டுக் குடும்பங்கள் வந்து நிற்கும்போது அரங்கேற்றத்துக்கு. நாடகத்துக்கு மிச்ச நாள். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் ஒரே இரவு மேடையேறி முடிவதற்குக் காரணம் இதுதான், நாடகம் சரியில்லை என்பதல்ல. இரண்டாவது இரவுக்கு வாடகை யார் கட்டுகிறது? இதோடு 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி எடுக்கும் நடைமுறையும் உண்டு. டவர் ஹோல் திறந்து அடுத்த வருடம் வந்த சட்டம், இன்றைய நாடகக்காரரையும் பின்தொடர்கிறது. லயனல் வென்ட், 2011இல் திறந்த நெலும் பொக்குண போன்ற இடங்கள் அரங்கென்று பார்த்தால் முதல் தரம். நெலும் பொக்குணவில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருக்கை. சிறு தமிழ்க் குழு ஒன்று அந்த வாடகையைக் கட்டி, ரிக்கற் விற்று மீள்வது எப்படி என்று நீங்களே கணக்குப் போடுங்கோ.

ஆகவே பயணத் திட்டத்தை நாடகத்துக்கு ஏற்றமாதிரிப் போடவேண்டும், மறுவளமாக அல்ல. வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாண பஸ் வெளிக்கிடுகிற நேரமும் மண்டபத்தில் திரை விலகுகிற நேரமும் நேருக்கு நேர் மோதும். திரும்புகிற நாளன்று நாடகம் வைக்காதேங்கோ, முதல் நாள் வையுங்கோ. பாடசாலைத் தமிழ் மன்றங்களின் கலை விழாக்களை 'பிள்ளையளின்ர விழா' என்று தள்ளாதேங்கோ. நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில் பாடமாக இருக்கிறது, அதில் நல்ல ஆசிரியர் வாய்த்த பள்ளிக்கூடங்களின் நாடகம் பெரியவர்களுடையதைவிட அடிக்கடி திருத்தமாக இருக்கும். தவக்காலத்தில் வந்தால் வட கொழும்புத் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் திருப்பாடுகளின் காட்சி ஏதும் இருக்கா என்று விசாரியுங்கோ. வெள்ளவத்தையில் தங்கி வடக்கே போகிறவர்களுக்கு மட்டக்குளி 155 பஸ் இருக்கிறது, மருதானையும் அதன் வழியில்தான். இரவு திரும்பி வருவதற்கு ஓட்டோக் காசை ஒதுக்கி வையுங்கோ.

மக்கள் களரி ஊரில் நிற்கிறதா என்றும் கேளுங்கோ. சிங்களத்தில் 'ஜனகரளிய'. பராக்கிரம நிரியெல்லவும் கூட்டாளிகளும் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நடமாடும் அரங்கு. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருந்து, ஒரே நாடகத்தை இரண்டு மொழியிலும் ஆடுகிறார்கள். 'சரண்தாஸ்' அப்படி வந்தது. மண்டபம் கேட்டு அலையாமல், அரங்கையே கழற்றி லொறியில் ஏற்றி, போகிற ஊரில் பூட்டி, நடுவில் களரியை வைத்துச் சுற்றிவரச் சனத்தை இருத்துகிறார்கள். வித்தியானந்தன் படச்சட்டத்துக்குள் திருப்பிய கூத்தாடியின் முகம் அங்கே திரும்பவும் நாலு பக்கமும் பார்க்கிறது.